புஷ் தேய்ந்த கதை

அப்பா ரிட்டயர் ஆனாரு. முப்பது வருஷமா சாக்பீஸ் பிடிச்ச கை, கடையில வாங்கின பேனா எதுக்கு, நாமளே ஒண்ணு கடைஞ்சு கொடுப்போம்னு இறங்கினேன். மரத்துக்கும் பஞ்சமில்லை. தாத்தா காலத்து தேக்குக் கட்டில் உடைஞ்சு பரண்ல கிடந்தது, அதோட ஒரு காலை அறுத்தாச்சு. லேத் நண்பனோடது. ஞாயிற்றுக்கிழமை பூரா மரத்தூள்ல குளிச்சு, பாலிஷ் போட்டு, நிப் பக்கத்து உலோகத்தை அழுத்திப் பொருத்தினா... விரல் ஓட்டினா நகம் இடறுது. உலோகம் வெளிய துருத்திக்கிட்டு இருக்கு, மரம் உள்ள போயிருக்கு.

குற்றவாளி புஷ். பேனா கடையாத நல்லவர்களுக்காக: மரத்துண்டுல துளை போட்டு பித்தளைக் குழாய் ஒட்டி, அதை ஒரு கம்பியில கோர்ப்போம். ரெண்டு பக்கமும் வர்ற இரும்பு வளையம்தான் புஷ். அதோட விட்டம், பின்னாடி பொருத்தப் போற உலோகப் பாகத்தோட விட்டமேதான். மரம் புஷ் மட்டத்துக்கு வந்ததும் உளியை எடுத்துடணும். ஆனா உப்புத்தாள் தேய்க்கும்போது மரத்தோட சேர்ந்து இரும்பும் தேயுது. பத்து பேனா ஆனதும் காலிப்பர் வெச்சுப் பார்த்தேன், ஒண்ணு 0.2 மில்லிமீட்டர் மெலிஞ்சிருந்தது. அளவுகோலே பொய் சொன்னா நான் என்ன செய்ய?

இந்தத் தலைவலி எனக்கு முன்னாடி யாருக்கு வந்திருக்கும்னு தேடப்போய், துப்பாக்கித் தொழிற்சாலைக்குள்ள போய் மாட்டிக்கிட்டேன்.

1785-ல் பாரிஸில் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஊருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒனொரே பிளாங்க் என்ற துப்பாக்கித் தொழிலாளி ஐம்பது துப்பாக்கி விசைகளைப் பிரித்துத் தனித்தனி அறைகளில் போட்டுக் காட்டினாராம். ஜெஃபர்சன் கைக்கு வந்த பாகங்களை எடுத்துப் பூட்ட, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதாம். அதுவரை ஒவ்வொரு துப்பாக்கியும் தனிப்பிறவி. ஒண்ணோட திருகு இன்னொண்ணுக்குப் போகாது. போர்க்களத்தில் உடைந்தால் அரம் வைத்து ராவி ராவித்தான் ஒட்ட வைக்கணும்.

அமெரிக்காவில் இதற்குப் பெயர் வாங்கியவர் எலி விட்னி. 1798-ல் பத்தாயிரம் துப்பாக்கிகளை ரெண்டு வருஷத்தில் தருவதாக ஒப்பந்தம். 1801-ல் பெரிய மனிதர்கள் முன்னால் பாகங்களை மாற்றிப் பூட்டி அசத்தினார். முழுசா முடித்துக் கொடுத்தது 1809-ல்! (எங்க ப்ராஜெக்ட் மேனேஜரிடம் இந்தத் தகவலைச் சொல்ல ஆசை.) பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் மிஞ்சிய துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தால், பாகங்கள் ஒண்ணுக்கொண்ணு மாறவேயில்லை. டெமோவுக்குன்னு தனியா தயார் பண்ணியிருக்கிறார் மனுஷன். நம்ம தொழில் அப்பவே இருந்திருக்கு.

மர வேலையை மாற்றியது தாமஸ் பிளாஞ்சர்ட். 1819-ல் அவர் காப்புரிமை வாங்கிய லேத்தில் ஒரு சக்கரம் மாதிரி உருவத்தைத் தடவிக்கொண்டே போகும், வெட்டும் சக்கரம் அதே வளைவை மரத்தில் இறக்கும். உருண்டையாக இல்லாத துப்பாக்கிக் கட்டையையே லேத்தில் கடைந்துவிட்டார். அவர் குழல் கடையும் இயந்திரம் காட்டியபோது, மரக்கட்டை செதுக்கும் ஒரு தொழிலாளி, என் வேலையை மட்டும் எவனும் பறிக்க முடியாது, கட்டையைக் கடைய முடியாதேன்னு பெருமையடிக்க, அதைக் காதில் வாங்கித்தான் பிளாஞ்சர்டுக்கு யோசனை வந்தது என்று கதை. உண்மையோ இல்லையோ, எனக்கு அந்தத் தொழிலாளி மேலதான் பரிதாபம்.

ஆனா என் புஷ்ஷுக்கு விடை வைத்திருந்தவர் ஜான் ஹால். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச்சாலையில் ரைஃபிள் செய்தவர். ஒரு ரைஃபிளுக்கு 63 அளவுமானிகள்! அதிலும் மூணு செட்: தொழிலாளி கையில் ஒண்ணு, பரிசோதகரிடம் ஒண்ணு, அந்த ரெண்டும் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க மட்டும் ஒரு மூலச் செட். அளவுகோலும் தேயும் என்பதை ஒத்துக்கொண்ட மனுஷர். 1826-ல் அரசு அனுப்பிய குழு, முன்பு செய்த நூறு ரைஃபிள்களைப் பிரித்துக் கலந்து, புதுக் கட்டைகளில் பூட்டிப் பார்த்தது. பொருந்தின.

அந்த ஊர் கைவினைஞர்களுக்கு மேலிடத்துக் கட்டுப்பாடு பிடிக்கவில்லை. கெடுபிடிக்குப் பேர்போன கண்காணிப்பாளர் தாமஸ் டன்னை 1830 ஜனவரியில் ஒரு தொழிலாளி அவர் அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார். கொன்றவரைத் தூக்கிலிட்டார்கள். துல்லியத்தின் வரலாறு எழுதுகிறவர்கள் இயந்திரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இதை ரெண்டு வரியில் தாண்டுவது எனக்கு ஒப்பவில்லை.

இப்ப என்னிடம் ரெண்டு செட் புஷ் இருக்கு. ஒண்ணு கடைய, இன்னொண்ணு டப்பாவுக்குள்ள, அளவு சரிபார்க்க மட்டும். உப்புத்தாள் எடுக்கும் முன் புஷ்ஷைக் கழட்டிடுவேன். புரொடக்ஷன் சர்வரில் நேரடியாகக் கை வைக்கக்கூடாதுன்னு ஆபீஸில் நாலு வருஷமா ஜூனியர் பசங்களைத் திட்டுறவன், இங்கே அதையேதான் பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்.

அப்பா அந்த முதல் பேனாவை வாங்கி, கட்டைவிரலால் தடவி, "இங்க இடிக்குதே தம்பி"ன்னாரு. வாத்தியார் இல்லையா. ஆனா பாக்கெட்ல குத்திக்கிட்டார், திருப்பிக் கேட்டாலும் தரமாட்டேங்கிறார். ரெண்டாவது லேத்தில் இருக்கு. கட்டிலுக்கு இன்னும் மூணு கால் பாக்கி.