கம்பி தாங்கும் சக்கரம்

குடம், ஆரக்கால், வட்டை என்பன மாட்டுவண்டிச் சக்கரத்தின் உறுப்புகள். சைக்கிள் சக்கரத்திற்கும் இம்மூன்றே உறுப்புகளாம். ஆயினும் பாரம் தாங்கும் முறை வேறு. மாட்டுவண்டியின் பாரம் கீழுள்ள ஆரக்காலை அழுத்துகிறது. ஆதலின் அது பருத்த மரமாக இருத்தல் வேண்டும். சைக்கிளின் மெல்லிய கம்பியோ அழுத்தினால் வளைந்துவிடும். ஆகவே எல்லாக் கம்பிகளும் முன்னரே இழுத்து இறுக்கப்பெறுகின்றன. பாரம் ஏறும்போது கீழ்க்கம்பிகளின் இறுக்கம் சற்றுக் குறைகிறதேயன்றி, முற்றும் அற்றுப்போவதில்லை.

இவ்வமைப்பு ஒரே நாளில் தோன்றியதன்று. 1860ஆம் ஆண்டுகளில் பாரிசில் ஓடிய மிதிவண்டிகள் மரச்சக்கரமும் இரும்புப் பட்டையும் உடையவை. இவ்வகை வண்டிகள் கல் பாவிய தெருவில் உடலைக் குலுக்கியமையால், ஆங்கிலேயர் இவற்றை 'எலும்பு குலுக்கி' என்றே அழைத்தனர். 1869இல் பாரிசு நகரத்து யூஜின் மேயர் கம்பிச் சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் குடத்திலிருந்து நேரே செல்லும் கம்பிகள், மிதிக்கும் விசையை வட்டைக்குச் செலுத்துவதில் வலிகுன்றியவை. இக்குறையை நீக்கியவர் இங்கிலாந்தின் கவென்றி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி. அவர் 1874இல் கம்பிகளைக் குடத்தின் விளிம்பிலிருந்து சாய்வாகச் செலுத்தி, ஒன்றையொன்று குறுக்கிடச் செய்தார். அம்முறையே இன்றும் பெருவழக்கு. 1888இல் பெல்பாஸ்டில் டன்லப் செய்த காற்றடைத்த டயர், எஞ்சியிருந்த குலுக்கலைத் தணித்தது.

பந்தயத்திற்கு வேண்டுவது இலேசான சக்கரம். நாள்தோறும் வேலைக்குச் செல்வோனுக்கு வேண்டுவது உறுதியான சக்கரம். இதனை உணர்ந்த ஆங்கிலத் தொழிலாளர், சாலைச் சைக்கிளின் முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் வைத்தனர். ஏறுவோனின் எடையில் பெரும்பகுதியும் மிதிக்கும் விசையும் பின்சக்கரத்தையே சார்வதால் இவ்வேறுபாடு. பிற்காலத்தில் இரு சக்கரங்களுக்கும் 36 கம்பிகள் என்னும் முறை பரவியது. கம்பி மிகுந்த சக்கரத்தில் ஒன்று அறுந்தாலும் வீடு வந்து சேரலாம். கம்பி குறைந்ததில் ஒன்று அறுந்தால் வட்டை கோணிப் பிரேக்கில் உராயும்.

வட்டையைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். குரோமியம் பூசிய எஃகு வட்டை உறுதியானது. ஆனால் மழையில் நனைந்தால் பிரேக் எளிதில் பிடிப்பதில்லை. அலுமினிய வட்டை எடை குறைந்தது. ஈரத்திலும் நன்கு பிடிப்பது. குடத்தைப் பொறுத்தவரை, 1902இல் நாட்டிங்காமில் தோன்றிய ஸ்டர்மி ஆர்ச்சர் மூவேகக் குடம் குறிப்பிடத்தக்கது. அதன் பற்சக்கரங்கள் குடத்தினுள்ளே அடங்கியிருப்பதால் சேறும் மழைநீரும் அவற்றை எளிதில் அணுகா.

விலையுயர்ந்த உறுப்புகளை வாங்கிக் கோத்தாலும், கம்பிகள் சமமாக இறுக்கப்படாவிடில் பயனில்லை. தளர்ந்த கம்பி தன் பங்கை அயல்கம்பிகளின்மேல் ஏற்ற, அவையும் நாளடைவில் அறும். ஒவ்வொன்றும் தன் பங்கைத் தாங்கும் சக்கரமே நெடுநாள் உழைக்கும்.