குடியும் இனமும்: இரு மலைநாடுகள் தரும் பாடம்

‘குடி’ என்னும் தமிழ்ச்சொல் இருபொருள் உடையது. வழிவழி வந்த குலத்தை அது குறிக்கும். மக்கள் தங்கி வாழ்தலையும் குறிக்கும். திருக்குறளின் ‘குடிமை’ அதிகாரம் முன்னதைப் பேசுகின்றது. குடியிருப்பு, குடியேற்றம் என்பன பின்னதைச் சார்ந்தவை. இக்காலக் குடியுரிமை இவ்விரண்டனுள் எதன்மேல் நிற்றல் வேண்டும் என்பது ஆராயத்தக்க வினா. இரு மலைநாடுகளின் வரலாறு அதற்கு விடை தருகின்றது.

கூடலூரை அடுத்தது குமுளி மலை. கம்பம் பள்ளத்தாக்கின் உழைப்பாளர் தலைமுறை தலைமுறையாக அம்மலையேறி ஏலத் தோட்டங்களில் பணிபுரிந்து வருகின்றனர். விடுதலைக்கு முன் மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் மன்னராட்சி; இப்பால் சென்னை மாகாணம். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அடங்கின. அதனால் எழுந்த மனக்குறை சிறிதன்று. ஆயினும், மாநில எல்லை மாறியதால் மட்டும் எந்தத் தொழிலாளியும் நாடற்றவர் ஆகவில்லை. 1950ஆம் ஆண்டு அரசியலமைப்பு நாடு முழுமைக்கும் ஒரே குடியுரிமையை வகுத்திருந்தமையே காரணம். எல்லை மொழியால் அமைந்தது. குடியுரிமை மொழியை வினவவில்லை.

இலங்கை மலையகத்தின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழக மாவட்டங்களிலிருந்து சென்றோர் அங்குக் காப்பியும் பின்னர்த் தேயிலையும் வளர்த்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், ஒருவர் அத்தீவில் பிறந்தமையை மட்டும் போதுமானதாகக் கொள்ளவில்லை. தந்தை அங்கே பிறந்தவர், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்று அரிதாயிருந்த தோட்டக் குடும்பங்களுக்கு இஃது இயலாததாயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தவர்கள் வாக்குரிமையையும் இழந்தனர்.

அவர்கள் இலங்கையின் குடிகளே என்று நேருவின் அரசு வாதிட்டது. அவர் மறைந்தபின், 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒன்பதே முக்கால் இலட்சம் மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எந்நாட்டில் வாழ விருப்பம் என்று அம்மக்களை முன்னதாக எவரும் கேட்கவில்லை.

தாயகம் திரும்பியோருள் பலர் நீலகிரியிலுள்ள மற்றொரு கூடலூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும், தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத் தோட்டங்களில் மறுவாழ்வு பெற்றனர். இலங்கையில் ‘இந்தியத் தமிழர்’ எனப்பட்ட அவர்கள், ஈண்டுச் ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். இனம் ஒன்றாயிருந்தும் அது வேரைத் தரவில்லை. அவர்தம் வேர் உழைத்த மண்ணில் இருந்தது.

ஓர் அரசு தன் குடிகள் யாவர் எனத் தீர்மானித்தல் இயல்பே எனச் சிலர் கூறுவர். அவ்வுரிமை உண்மையே. எனினும், உழைப்பை ஏற்ற நாடு உழைத்தவரை மறுத்தல் முறையாகாது. இலங்கையும் 1988இலும் 2003இலும் இயற்றிய சட்டங்களால் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கி, இதனை ஒருவாறு ஏற்றது.

ஆயினும், வினா முடிந்துவிடவில்லை. 1983க்குப் பின் தமிழகம் வந்த ஏதிலியருள் மலையகத் தமிழரும் உளர். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளையே கருதியது, இலங்கையைச் சேர்க்கவில்லை. குலத்தை அளந்து குடியுரிமை வழங்கும் சட்டம் எங்கேனும் ஒரு கூட்டத்தாரை வெளியே நிறுத்தியே தீரும். ‘குடி’ என்பதன் இரண்டாம் பொருளே, வாழ்தல் என்னும் பொருளே, குடியுரிமைக்கு உரிய அடித்தளமாகும்.