முதியான்சலாகே: பெயருக்குள் ஒரு வீடு

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகம போன்ற மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களில் 'எச்.எம்.', 'ஆர்.எம்.' எனத் தொடங்கும் பெயர்கள் பரவலானவை. ஹேரத் முதியான்சலாகே, ரத்நாயக்க முதியான்சலாகே என்பவற்றின் சுருக்கங்கள் இவை.

'முதியான்சே' கண்டி இராச்சியத்தில் அரசன் வழங்கிய பட்டம். ஈற்றிலுள்ள 'கே' வீட்டைக் குறிக்கும். ஆக, 'முதியான்சே வீட்டார்' என்பதே பொருள். 1815இல் கண்டி பிரித்தானியரிடம் வீழ்ந்தது. பட்டம் கொடுக்க அரசன் இல்லை. பெயர் மட்டும் தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது. கரையோரத்தில் பெரேரா, சில்வா ஆகியவை போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. 'சில்வா' என்றால் காடு. ஸ்லாவியப் பெயர்களில் 'ஓவிச்' என்ற ஈறு தந்தையைச் சுட்டும். 'பெத்ரோவிச்' பேதுருவின் மகன்.

எங்கள் வழக்கமும் தந்தை பெயர்தான். ஆனால் அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கந்தையாவின் மகன் செல்வராசா. செல்வராசாவின் மகன் ரவி. புலம்பெயர்ந்த நாட்டில் 'குடும்பப் பெயர்' கேட்ட படிவத்தில் செல்வராசா தன் தந்தை பெயரை எழுதினால், ரவிக்கும் கந்தையாவே கடைசிப் பெயராகிவிடும். ஊரில் பிறந்த அக்காவுக்கோ அது செல்வராசா. கூடப்பிறந்தவர்கள் கடதாசியில் அந்நியராகிவிடுகிறார்கள்.

காணி உறுதி மாற்றும்போதும், காணாமலாக்கப்பட்ட உறவைத் தேடும்போதும் உறவை நிரூபிக்க வேண்டியிருப்பது இந்தக் கடதாசிகளைக் கொண்டுதான். அப்பப்பா, அம்மப்பா பெயர்களை, ஒவ்வொரு ஆவணத்திலும் உள்ள எழுத்துக்கூட்டலோடு, தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி வைப்போம்.