முன்முகப்பில் ஒரு பெயர்

வீட்டுப் பெரியவர் கண்ணை மூடியபின் பாகப்பிரிவினை நடக்கிறது. நிலத்துக்குப் போட்டி இருக்கும்; நகைக்கும் பாத்திரத்துக்கும்கூட இருக்கும். அவர் தச்சராக இருந்திருந்தால், அவருடைய ஆயுதப் பெட்டியை மட்டும் எவரும் கேட்கமாட்டார்கள். அது பரணுக்குப் போய்விடும். பல வருஷங்கள் கழித்து ஒரு பேரன் அதைத் திறப்பான், கறுத்துப்போன இழைப்புளி ஒன்றைக் கையில் எடுத்து, "இது என்ன விலை போகும்?" என்று கேட்பான்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால், "இதைச் செய்தவர் யார்?" என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் பழைய கருவிகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இந்தக் கேள்விக்கு விடை காண்பதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். கதவுச் சட்டத்திலும் சுவர்ப் பலகையிலும் அழகு வளைவுகள் எடுக்கும் மர இழைப்புளி ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். முதலில் மரத்தைப் பார்ப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாட்டில் செய்தவை பெரும்பாலும் மஞ்சள் பிர்ச் மரம். பிந்தியவை பீச் மரம். அடுத்தது நீளம். பழையவை ஏறக்குறைய 10 அங்குலம் இருக்கும். பிற்காலத்தில் ஒன்பதரை அங்குலம் என்பது வழக்கமாகிவிட்டது. மேல் விளிம்புகளை அகலமாகவும் தட்டையாகவும் சீவியிருந்தால் பழமை அதிகம். கடைசியாக முன்முகப்பு. செய்தவர் தம் பெயரை அங்கேதான் பதிப்பார். வாங்கி உழைத்தவர்களும் தங்கள் பெயரைப் பதிப்பதுண்டு. ஆகவே ஏமாந்துவிடக் கூடாது. ஒரே முத்திரை பல கருவிகளில் திரும்பத் திரும்ப வந்தால், அது செய்தவருடையது என்று கொள்ளலாம்.

அத்தகைய முத்திரைகளில் ஒன்று, 'சீசர் செலர், ரென்தமில் வசிப்பவர்' என்று சொல்கிறது.

ரென்தம், மாசசூசெட்ஸில் பாஸ்டனுக்குத் தென்மேற்கே உள்ள ஊர். அங்கே பிரான்சிஸ் நிக்கல்சன் என்பவர் இழைப்புளிகள் செய்துவந்தார். அமெரிக்காவில் பெயர் தெரிந்த இழைப்புளிக்காரர்களில் மிகவும் முந்தியவர் அவர். அவருடைய கருவிகளிலும் பெயரும் ஊரும் இதே முறையில் இருக்கும். செலர் அவருடைய அடிமை, ஆப்பிரிக்க இனத்தவர். எஜமானரின் பட்டறையிலேயே தொழில் கற்றவர்.

1753-ல் நிக்கல்சன் இறந்தார். உயிலில் செலருக்கு விடுதலை எழுதிவைத்திருந்தார். அத்துடன் அவர் வேலை செய்த மேஜையையும், கருவிகளையும், பத்து ஏக்கர் நிலத்தையும் கொடுத்திருந்தார். அதுவரை எஜமானரின் உடைமைகளுள் ஒன்றாக எண்ணப்பட்ட மனிதர், அன்று உடைமைகளுக்கு வாரிசானார்!

அதன் பிறகுதான் அந்த முத்திரை பிறக்கிறது. எஜமானரின் முத்திரையில் இருந்த அதே சொற்கள்தாம். பெயர் மட்டும் வேறு. 'ரென்தமில் வசிப்பவர்' என்பது நிக்கல்சனுக்கு வெறும் விலாசம். தம் விருப்பப்படி ஓர் ஊரில் வசிக்க உரிமையில்லாதிருந்த செலருக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை! 1784-ல் அவர் காலமானார். மாசசூசெட்ஸ் நீதிமன்றத் தீர்ப்புகள் அடிமை முறையின் வேரை அறுத்தது அதற்கு முந்திய வருஷம், 1783-ல்.

இன்று பெயரில்லாத பழைய இழைப்புளி சில பத்து டாலருக்குக் கிடைக்கும். செலரின் முத்திரை இருந்தால் ஆயிரக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது. மரமும் இரும்பும் ஒன்றுதான். பெயருக்குத்தான் அந்த விலை.

ஆனாலும் ஒரு கணக்கு நேராகவில்லை. 1753-க்கு முன் நிக்கல்சன் முத்திரையோடு வெளிவந்தவற்றில் எத்தனையில் செலரின் கைவேலை கலந்திருக்கிறதோ? முத்திரை எஜமானரின் பெயரைத்தான் சொல்லும். வேலை செய்த கையைச் சொல்லாது.

பரணிலிருந்து இறக்கிய கருவியைக் கண்டதும் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கப் பலருக்குக் கை பரபரக்கும். பழம்பொருள் அறிந்தவர்கள் அதைக் கூடாது என்பார்கள்; விலை குறைந்துவிடும் என்பது அவர்கள் கவலை. எனக்கு வேறு கவலை. தேய்ந்து மங்கிய அந்த எழுத்துக்களைப் பெற ஒரு மனிதர் எத்தனை வருஷம் காத்திருந்தாரோ! முதலில் தூசியைத் துணியால் மெல்லத் துடையுங்கள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முன்முகப்பைப் படித்துப் பாருங்கள். விலையைப் பிறகு விசாரிக்கலாம்.