சுண்ணாம்புச் சத்தும் மாமாவோட தூக்கமும்

எங்க மாமா விழுப்புரத்துல இருந்து திண்டிவனத்துக்கு தினமும் பஸ்ல வேலைக்குப் போறவர். ரெண்டு வருஷம் முன்னாடி விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி அந்த பஸ், நின்னுகிட்டிருந்த லாரி மேல மோதிடுச்சு. மாமாவுக்கு கையில எலும்பு முறிவு மட்டும்தான். பக்கத்து சீட்டுக்காரர் பிழைக்கல. அதுலேர்ந்து மாமா பஸ் ஏறுறதில்ல. ராத்திரி ரோட்டுல பிரேக் சத்தம் கேட்டாலே எழுந்து உக்காந்துடுவார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனா, மனநல டாக்டர்கிட்ட போறதையே நிறுத்திட்டிருக்கார்! எலும்புக்குன்னு எழுதிக் கொடுத்த வைட்டமின் டி பொடியை மட்டும் பால்ல கலந்து குடிக்கிறார். "மூளையில கால்சியம் தாறுமாறா ஓடறதாலதான்டா பயம், டி போட்டா அடங்கிடும்"னு வாட்ஸப்ல வந்துச்சாம். பொட்டி தட்டுறவன் சும்மா இருப்பானா? இதோட சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

கதை லண்டன்ல ஒரு தப்புல ஆரம்பிக்குது. சிட்னி ரிங்கர்னு ஒரு டாக்டர், தவளை இதயத்தை உப்புக் கரைசல்ல துடிக்க விட்டு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார். நல்லா துடிச்சுது, கட்டுரையும் போட்டாச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, கரைசல் கலந்தது காய்ச்சி வடிச்ச தண்ணியில இல்ல, குழாய்த் தண்ணியில! சுத்தமான தண்ணியில கலந்தா இதயம் சீக்கிரமே நின்னுடுது. குழாய்த் தண்ணியில இருந்த கால்சியம்தான் காரணம். 1883ல தன் தப்பைத் தானே எழுதி வெளியிட்டார். (நம்ம ஆபீஸ்ல எவனாவது தன் பக்கை இப்படி ஒத்துக்கிட்டு மெயில் போட்டிருக்கானா?) விபத்தன்னைக்கு மாமாவுக்கு ஏத்தினாங்களே ஆர்.எல். பாட்டில், அதுல 'ஆர்' இவர்தான்.

எலும்புக்கும் பல்லுக்கும்னு நாம நினைக்கிற கால்சியம் உடம்புக்குள்ள சேதி கொண்டு போற ஆளும்கூடன்னு புரிய ஆரம்பிச்சது அங்கதான். மூளை செல்லுக்கு வெளிய கால்சியம், உள்ள இருக்கறதைவிட கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு அதிகம். ஐப்பசி மழையில நிறைஞ்ச வீடூர் அணை மாதிரி. ஷட்டரைத் தூக்கினா உள்ள பாயும், அந்தப் பாய்ச்சல்தான் ஞாபகத்தைக் கெட்டிப்படுத்துது. உயிர் போற பயத்துல அட்ரினலினும் சேர்ந்துக்கும், அதான் அந்த பிரேக் சத்தம் அழியமாட்டேங்குது. ஆக, வாட்ஸப்காரர் பாதி சரி.

வைட்டமின் டி வேற ரூட்டுல வந்தது. 1922ல அமெரிக்காவுல மெக்கொல்லம் குழு, மீன் எண்ணெயில வைட்டமின் ஏ-வை அழிச்ச பிறகும் அது ரிக்கெட்ஸைக் குணப்படுத்தறதைப் பார்த்து, அந்தப் புதுச் சத்துக்கு டி-ன்னு பேர் வெச்சாங்க. 1966ல வாசர்மேன், டி கொடுத்தா கோழிக்குஞ்சு குடல்ல கால்சியத்தைப் பிடிக்கிற ஒரு புரதம் உருவாகறதைக் கண்டுபிடிச்சார். கால்பைண்டின். பின்னாடி அதே புரதம் மூளையிலயும் கிடைச்சுது. அடடா, லிங்க் மாட்டிடுச்சுன்னு குதிச்சேன். ஆனா மூளையில இருக்கறது பெரும்பாலும் டி-யோட சொல்பேச்சு கேக்கறதில்லையாம். போச்சு.

2001ல கென்டக்கி பல்கலைக்கழகக் குழு, தட்டுல வளர்த்த எலி மூளை செல்கள்ல, டி-யோட ஹார்மோன் வடிவம் ஒருவகை கால்சியம் ஷட்டர்களைக் குறைக்குதுன்னு காட்டினாங்க. மாமாவோட ஃபார்வேர்டுக்கு மூலம் இப்படி ஏதாவது ஒண்ணாத்தான் இருக்கணும். ஆனா தட்டு வேற, மாமா வேற. 50 வயசு தாண்டின 18,353 பேருக்கு அஞ்சு வருஷம்போல டி-யோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2020ல வந்துச்சு. மனச்சோர்வு வர்றதுல வித்தியாசமே இல்ல. அது விபத்துப் பயத்தை அளக்கல, உண்மைதான். ஆனாலும் பொடியை மட்டும் நம்பி டாக்டரை விடற அளவுக்கு ஆதாரம் எங்க இருக்கு?

எனக்கு மரக்காணம்தான் ஞாபகம் வந்துச்சு. 2004 டிசம்பர் 26 சுனாமி அந்தக் கடலோரத்தையும் அடிச்சுது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத மீனவ ஜனங்க. அவங்களும்தான் கடல் சத்தத்துக்கு நடுங்கினாங்க. (இது ஆராய்ச்சி இல்ல, என் லாஜிக்.)

அளவு மீறினாலும் ஆபத்து. 1950கள்ல பிரிட்டன்ல குழந்தை உணவுல டி-யைத் தாராளமா சேர்த்துட்டு, ரத்தத்துல கால்சியம் ஏறி கைக்குழந்தைங்க படுத்துட்டாங்க.

இதெல்லாம் மாமாகிட்ட சொன்னேன். அவருக்குப் பிடிச்சது தவளைக் கதை மட்டும்தான். அவருக்கு ரத்தத்துல டி நிஜமாவே கம்மி, அதனால டாக்டர் சொன்ன அளவுல பொடி தொடருது. போன வாரம் மனநல டாக்டர்கிட்டயும் திரும்பப் போயிருக்கார். மொத வேலை, விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுல நிக்கிற பஸ்ல ஏறி சும்மா பத்து நிமிஷம் உக்காரணும். ஆறாவது நிமிஷத்துல இறங்கிட்டாராம். நாளைக்கு மறுபடி போறார், கூட அத்தையும்.