இடைநிலைப் பள்ளியின் வாசல்: பினாங்கு கண்ட மாற்றங்கள்



“உங்கள் மகன் எந்தப் படிவம் படிக்கிறான்?” என்று தோட்டத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது வழக்கம். “மூன்றாம் படிவம்” என்று நாமும் பெருமையோடு சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு படிவத்திலிருந்து அடுத்த படிவத்துக்குப் போக என்ன விதி, எந்தப் பாடத்தை எடுத்தால் எந்த வழி திறக்கும், கடைசியில் சான்றிதழ் கைக்கு வர எந்தப் பாடத்தில் தேறியே ஆகவேண்டும் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அந்த விதிகளைக் காலம் கடந்த பிறகு தெரிந்துகொண்டு வருந்திய குடும்பங்கள் ஏராளம். ஆகவே, இடைநிலைக் கல்வியின் விதிகள் எப்படி வந்தன, எப்படி மாறின என்பதைப் பினாங்கை வைத்து இன்று பார்ப்போம்.

நம் நாட்டுப் பள்ளிக் கல்வியின் வரலாற்றில் பினாங்குக்கு முதலிடம் உண்டு. 1816-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் பாதிரியார் ஹட்சிங்ஸ் என்பவர் ஜார்ஜ் டவுனில் பினாங்கு ஃபிரீ ஸ்கூலைத் தொடங்கினார். இனமும் மதமும் பாராமல் எல்லோருக்கும் திறந்திருக்கும் பள்ளி என்பதே அந்தப் பெயரின் பொருள். தமிழ் வகுப்பும் அங்கேதான் முதலில் தொடங்கியது. அது நெடுநாள் நீடிக்கவில்லை என்றாலும், அந்த ஆண்டைக் கணக்கில் கொண்டுதான் 2016-ஆம் ஆண்டில் மலேசியத் தமிழ்க் கல்வியின் 200-ஆம் ஆண்டு விழா கொண்டாடப்பட்டது.

அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் தேர்வு என்னும் ஏணி கிடைத்தது. 1879-இல் பினாங்கில் பிறந்த வூ லியன் தே என்னும் சீனச் சிறுவர் அங்கே படித்தார். 1896-இல் மகாராணியார் உபகாரச் சம்பளம் பெற்றார். கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவரானார். பின்னர் மஞ்சூரியாவில் கொள்ளைநோயை எதிர்த்துப் போராடி உலகப் புகழ் பெற்றார். ஒரு தேர்வு ஒரு சிறுவனை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு இது சான்று.

அதே காலத்தில், கடலின் ஒரு சிறு கால்வாயைத் தாண்டி, செபராங் பிறையில் நம் முன்னோர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பத்து காவானிலும் நிபோங் திபால் பக்கத்திலும் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. இப்படித்தான் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்புகளும் ஒரே இடத்தில். பல தோட்டங்களில் நான்காம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்குமேல் ஏறிச்செல்லத் தமிழில் இடைநிலைப் பள்ளி இல்லை. ஜார்ஜ் டவுன் பிள்ளைக்கு ஏணி இருந்தது. தோட்டத்துப் பிள்ளையின் ஏணிக்குப் பாதிப் படிகள்தாம் இருந்தன.

மலாயா சுதந்திரம் அடைவதற்கு முந்திய ஆண்டு, 1956-இல், ரசாக் அறிக்கை வெளிவந்தது. அதையொட்டி 1957-இல் கல்விச் சட்டம் பிறந்தது. தமிழ்ப்பள்ளிகளும் நாட்டின் கல்வி அமைப்புக்குள் வந்தன. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற கொள்கையும் வந்தது. அடுத்து 1960-இல் ரஹ்மான் தாலிப் அறிக்கையும், 1961-இல் புதிய கல்விச் சட்டமும் வந்தன. 1962 முதல் தொடக்கக் கல்வி இலவசமாயிற்று.

ஆனால் ஆறாம் ஆண்டின் முடிவில் ஒரு பெரிய தடை நின்றது. அதுதான் இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. 12 வயதுப் பிள்ளை அந்தத் தேர்வில் தேறினால் இடைநிலைப் பள்ளி. தேறாவிட்டால் வழக்கமான பள்ளிப் படிப்பு அத்தோடு சரி. ஏறத்தாழ 10 பிள்ளைகளில் 3 பேருக்கே அந்த வாசல் திறந்தது. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் பெற்றோருடன் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போனவர்கள் அவர்களே.

1964-ஆம் ஆண்டோடு அந்த நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்டது. 1965 முதல் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளைகள் எல்லோரும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லலாம் என்றாயிற்று. பள்ளியில் இருக்கவேண்டிய வயதும் 15 ஆக உயர்ந்தது. நம் பிள்ளைகளுக்கு இது ஒரு பெரிய விடுதலை என்றே சொல்லவேண்டும். பயிற்று மொழி மட்டும் வேறாக இருந்தது. தமிழில் படித்துவந்த பிள்ளை மலாய் மொழிக்கோ ஆங்கிலத்துக்கோ மாறவேண்டும். அந்த மாற்றத்துக்குத் தயார்செய்யப் புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டு வகுப்பு உதவியது. இதனால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை முதலாம் படிவத்தில் சேரும்போது அவனுக்கு 14 வயதாகிவிடும். மற்றப் பிள்ளைகள் 13 வயதிலேயே சேர்ந்துவிடுவார்கள்.

ஓராண்டுதானே என்று நாம் நினைக்கலாம். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்தில், மூத்த பையன் ஓராண்டு கூடுதலாகப் படிப்பது என்றால், ஓராண்டுப் பேருந்துக் கட்டணம், சீருடை, புத்தகம்; அவன் கொண்டுவரக்கூடிய ஓராண்டுச் சம்பளமும் இல்லை. 16 வயதில் மூன்றாம் படிவத் தேர்வு எழுதவேண்டிய பிள்ளையைப் பாதியில் நிறுத்த இது ஒரு காரணமாகப் பல வீடுகளில் அமைந்தது.

அந்த மூன்றாம் படிவத் தேர்வுதான் அடுத்த தடை. முதலில் அதை எல்.சி.இ. என்றும், பின்னர் எஸ்.ஆர்.பி. என்றும் அழைத்தார்கள். அதில் தேறியவர்களே நான்காம் படிவம் சென்றார்கள். முன்பு 12 வயதில் இருந்த வாசல் 15, 16 வயதுக்கு இடம் மாறியது.

இதற்கிடையில் பயிற்று மொழியும் மாறியது. ஆங்கிலப் பள்ளிகளில் 1970-இல் முதலாம் வகுப்பு மலாய் மொழிக்கு மாறியது. அதன்பின் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக, 1976-இல் முதலாம் படிவமும் 1980-இல் ஐந்தாம் படிவமும் மாறின. எம்.சி.இ. என்ற ஆங்கிலமொழித் தேர்வு போய் எஸ்.பி.எம். தேர்வே எல்லோருக்கும் பொதுவாயிற்று. மலாய் மொழியில் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது என்ற விதி, மற்றப் பாடங்களில் நன்றாகச் செய்த பல பிள்ளைகளையும் வெறுங்கையோடு அனுப்பியது.

பினாங்கில் அப்போது வேறொரு மாற்றமும் நடந்தது. 1969-இல் தீவின் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதி பறிபோயிற்று. வேலையின்மை பெருகியது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கி மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. மூன்றாம் படிவம் வரை படித்தவருக்கும் அங்கே வேலை கிடைத்தது. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் தொழிற்சாலைப் பேருந்து ஏறினார்கள். வீட்டுக்கு ரொக்கம் வந்தது. அதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அதே தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகவும் தொழில்நுட்பராகவும் ஆனவர்களிடம் இருந்தது எஸ்.பி.எம். சான்றிதழும் அதற்கு மேற்பட்ட படிப்பும். பினாங்கில் 1969-இல் பல்கலைக்கழகம் தோன்றியபோதும் இதே நிலைதான். வாசல் நம் ஊரிலேயே இருந்தது. உள்ளே போகத் தேவையான சான்றிதழ் நம் பிள்ளைகளில் மிகச் சிலரிடமே இருந்தது.

1988-இல் ஆறாம் ஆண்டுக்கு யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. அதில் மலாய் மொழியில் போதிய தேர்ச்சி பெற்ற தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புகுமுக வகுப்பைத் தாண்டி நேரே முதலாம் படிவம் செல்ல முடிந்தது. 1993-இல் எஸ்.ஆர்.பி. தேர்வுக்குப் பதிலாகப் பி.எம்.ஆர். வந்தது. அதிலிருந்து நான்காம் படிவம் செல்வதற்கு மூன்றாம் படிவத் தேர்வு தடையாக இல்லை. 2014-இல் பி.எம்.ஆர். இடத்தில் பி.டி.3 வந்தது. பின்னர் யு.பி.எஸ்.ஆர். 2021-இலும், பி.டி.3 2022-இலும் கைவிடப்பட்டன.

பழைய தடைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன என்று நாம் மகிழலாம். ஆனால் அவற்றோடு ஒரு முன்னெச்சரிக்கையும் போய்விட்டது. முன்பு 12 வயதிலோ 15 வயதிலோ ஒரு தேர்வு முடிவு வீட்டுக்கு வந்து, பிள்ளை மலாய் மொழியில் பின்தங்கியிருக்கிறான் என்று சொல்லிவிடும். இப்போது அந்தச் செய்தி பள்ளியின் வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரையிலான நிலையாக வருகிறது. அதைப் படித்துப் பாராமல் கையெழுத்திட்டுக் கொடுத்தால், பிள்ளையின் குறையை எஸ்.பி.எம். முடிவு வரும்போதுதான் அறிவோம்.

எஸ்.பி.எம். தேர்விலும் விதிகள் மாறியுள்ளன. முன்பு மலாய் மொழி ஒன்றில் மட்டும் கட்டாயத் தேர்ச்சி. 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேறியே ஆகவேண்டும். கணிதத்தில் மிகச் சிறந்த புள்ளிகள் பெற்றாலும், இந்த இரண்டில் ஒன்று தவறினால் சான்றிதழ் இல்லை. ஆனால் தவறியவருக்கு வழி அடைபடவில்லை. மலாய் மொழியையும் வரலாற்றையும் மறுதேர்வாக எழுதலாம். இது தெரியாமல், ஒரு பாடம் போனதும் எல்லாம் போயிற்று என்று எண்ணி வேலைக்குப் போய்விட்ட இளைஞர்கள் எத்தனை பேர்!

பாடத் தேர்வைப் பற்றியும் சொல்லவேண்டும். நெடுங்காலம் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு, தொழிற்பிரிவு என்று பிள்ளைகளைப் பிரித்து வைத்தார்கள். 2020 முதல் அந்தப் பிரிவுகளுக்குப் பதிலாகப் பாடத் தொகுப்புகள் வந்துள்ளன. பள்ளி வழங்கும் தொகுப்புகளிலிருந்து மாணவர் தமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கலாம். மருத்துவமோ பொறியியலோ படிக்க எண்ணும் பிள்ளை, இயற்பியலும் வேதியியலும் கூடுதல் கணிதமும் இல்லாத தொகுப்பில் சேர்ந்துவிட்டால், ஐந்தாம் படிவம் முடிந்த பிறகு வருந்திப் பயனில்லை. இந்த முடிவு மூன்றாம் படிவத்தின் கடைசி மாதங்களில் எடுக்கப்படுகிறது. அந்த மாதங்களில் பெற்றோரில் ஒருவராவது பள்ளிக்குப் போய் ஆசிரியரைப் பார்க்கவேண்டும்.

இனித் தமிழ்ப் பாடம். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. தமிழ் அத்தோடு முடியவேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் ஓர் உரிமையைத் தந்துள்ளன. ஒரு பள்ளியில் குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், அங்கே தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்யவேண்டும். பல இடங்களில் இந்த வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பிறகு நடப்பதால், தோட்டத்துப் பேருந்தைப் பிடிக்கவேண்டிய பிள்ளைகள் அதை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் விட்டால் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் வகுப்பே நின்றுவிடுகிறது.

எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் மொழி, தமிழ் இலக்கியம் என இரண்டு பாடங்கள் உண்டு. 2010-ஆம் ஆண்டு முதல் 10 பாடங்களுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று 2009-இல் அரசு அறிவித்தது. கட்டாயப் பாடங்களும் அறிவியல் பாடங்களும் போனால் தமிழுக்கு இடமேது என்று தமிழ் அமைப்புகளும் பெற்றோரும் குரல் எழுப்பினார்கள். அதன்பின் 12 பாடங்கள் வரை எடுக்க அனுமதி கிடைத்தது. நம் குரலுக்கு மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தமிழாசிரியராக விரும்பும் பிள்ளைக்கு எஸ்.பி.எம். தமிழே முதற்படி. அவர்கள் வராவிட்டால் நாளை தோட்டத் தமிழ்ப்பள்ளியில் கற்பிக்க யார் இருப்பார்கள்?

நேயர்களே, கரும்பு விளைந்த பத்து காவானில் 2014-இல் திறந்த இரண்டாம் பினாங்குப் பாலம் இன்று வந்து இறங்குகிறது. தோட்டத்துக்கும் தீவுக்கும் இடையே இருந்த தூரம் குறைந்துவிட்டது. பள்ளி விதிகள் நாளையும் மாறும். ஆகையால் ஆண்டுக்கு ஒருமுறையாவது பள்ளிக்குச் சென்று மூன்று கேள்விகள் கேளுங்கள். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான்? அவன் எடுக்கும் பாடங்கள் அவன் விரும்பும் படிப்புக்குப் பொருந்துமா? தமிழ் வகுப்புக்கு 15 பேர் சேர்ந்துவிட்டார்களா? பதினைந்தில் ஒன்று குறைந்தால், பக்கத்து வீட்டுப் பெற்றோரையும் அழைத்துச் செல்லுங்கள்.