கண் காத்தலும் ஆசை வெல்லலும்: திருவரங்க, உறையூர் மரபு

தகாத ஆசைக்கு இடங்கொடாமல் கண்ணையும் மனத்தையும் காத்து இறைநெறியில் வளர்வது எப்படி என்ற கேள்விக்கு, காவிரியின் இரு கரைகளிலும் பல நூற்றாண்டுகளாக விடை தேடியிருக்கிறார்கள். திருவரங்கம் இம்மரபின் நடுவிடம். திருச்சியில் உள்ள உறையூர், இதன் இரு பெரும் மனிதர்களைத் தந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லாமல், அதைவிட மேலான காட்சியின் பக்கம் கண்ணைத் திருப்புவதே இம்மரபின் தனித்தன்மை.

முதலாமவர் திருப்பாணாழ்வார். பாணர் குலத்தவராதலால் காவிரிக் கரையிலேயே நின்று பாடியவர். லோகசாரங்க முனிவர் அவரைத் தோளில் சுமந்து சன்னதிக்குள் கொண்டுபோனார் என்பது மரபு. அங்கு ஆழ்வார் பாடிய அமலனாதிபிரான் பத்தே பாசுரம். அரங்கனின் திருவடியில் தொடங்கி மேலேறும் அந்தப் பார்வை, இனி வேறொன்றையும் காணாது என்று முடிகிறது. தொண்டரடிப்பொடியாழ்வாரின் கதை வேறு வகை. திருமண்டங்குடியில் பிறந்து, அரங்கத்தில் நந்தவனம் அமைத்துத் துளசியும் பூவும் தொடுத்த, விப்பிரநாராயணர் என்ற இயற்பெயருடைய அவர், தேவதேவி என்ற கணிகையிடம் மயங்கிக் கைப்பொருள் இழந்தார். கோயில் பொன்வட்டில் காணாமற்போனபோது திருட்டுப் பழியும் ஏற்றார். மீண்டு வந்தபின் அவர் போனது மறுபடியும் அதே நந்தவனத்துக்குத்தான். 45 பாசுரங்கள் கொண்ட திருமாலையில் தம் பழைய வாழ்வை அவர் மறைக்கவில்லை. வழுக்கி விழுந்தவர் எழுந்து நடந்ததற்குத் தமிழில் இதைவிட நேர்மையான சான்று அரிது.

வைணவ ஆசாரியரான இராமானுசர் (மரபுக் கணக்கில் 1017–1137) கீதை இரண்டாம் அத்தியாய உரையில் ஆசையை வெல்வதன் சிக்கலைத் தெளிவாக எடுத்து வைக்கிறார். ஆன்மாவைக் கண்டாலன்றிப் புலன்களின் நாட்டம் அறாது. புலன்களை வென்றாலன்றி ஆன்மாவைக் காண முடியாது. தன் முயற்சியை மட்டும் நம்புபவன் இந்தச் சுழலில் சிக்குவான். மனத்தை இறைவனிடம் வைப்பதே வெளியேறும் வழி என்கிறார்.

அவர் அதை நடத்திக் காட்டியது உறையூர் தந்த இரண்டாமவரான, மல்லர் பிள்ளை உறங்காவில்லி தாசரிடம். மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் ஈடுபட்டு, திருவிழாக் கூட்டத்தில் அவள்மேல் வெயில் படாமல் குடைபிடித்து நடந்தவர் அவர். ஊர் நகைத்தது. இராமானுசர் கடிந்துகொள்ளவில்லை, “இதைவிட அழகிய கண்களைக் காட்டினால்?” என்று கேட்டு அரங்கன் முன் நிறுத்தினார். பொன்னாச்சியை விட்டுவிடும்படியும் அவர் சொல்லவில்லை. கணவன், மனைவி இருவருமே திருவரங்கம் வந்து அடியாராயினர்.

குருபரம்பரைக் கதைகளில் இதன் பிற்பகுதியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இராமானுசர் சொற்படி சீடர்கள், உறங்கிக்கொண்டிருந்த பொன்னாச்சியின் நகைகளைக் கழற்றினார்கள். விழித்திருந்த அவள், மறுபக்க நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தாள். அவர்கள் அஞ்சி ஓடிவிட்டார்கள். வீடு திரும்பிய தாசர் மகிழவில்லை. “என் நகை, நான் தருகிறேன்” என்ற எண்ணம் இருந்ததால்தானே புரண்டாய் என்று வருந்தினார். ஆனால் மடத்திலோ, தங்கள் துணி கொஞ்சம் கிழிந்திருந்ததற்காக அதே சீடர்கள் காலையில் சண்டையிட்டிருந்தார்கள். காவிரியில் நீராடியபின் தாசரின் கையைப் பற்றி இராமானுசர் கரையேறியதற்குக் காரணம் இதுதான்: கல்விச் செருக்கும் செல்வச் செருக்கும் குலச்செருக்கும் அவரிடம் இல்லை. ஆசையை வென்றேன் என்ற பெருமையும் ஓர் ஆசையே என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன கதை வேறு எனக்குத் தெரியாது.

பின்வந்தவர்கள் இதை நூலாக்கினார்கள். பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணம் அகங்காரத்தையும் புலனின்ப நாட்டத்தையும் உயிருக்குக் கேடாகச் சேர்த்து வைக்கிறது. மணவாள மாமுனிகள் (1370–1443) அதற்கு உரை செய்தார். வேதாந்த தேசிகரின் சங்கற்ப சூரியோதயம் பத்து அங்க வடமொழி நாடகம். விவேகன் என்ற அரசன் மகாமோகனோடு பொருதுகிறான். காமனும் குரோதனும் மேடையேறுகிறார்கள்.

யூத சமயமும் தீய நாட்டத்தை ஆளாகவே உருவகிக்கிறது. ‘யேட்செர் ஹாரா’ என்பது அதன் பெயர். தால்மூதின் யோமா பகுதியில் ஒரு கதை: அந்த நாட்டத்தை மூன்று நாள் சிறையிட்டபோது நாடெங்கும் புதிய முட்டை ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். ஆசையை அழித்தால் உலகமே நின்றுவிடும். திருத்தி ஆளவேண்டும் என்பது பொருள். இதயமும் கண்ணும் போன போக்கில் அலையாதிருக்க, ஆடை மூலையில் தொங்கும் குஞ்சங்களைப் பார்த்துக் கட்டளைகளை நினைவுகூரும்படி எண்ணாகமம் 15-ஆம் அதிகாரம் விதிக்கிறது. மோசே ஹயிம் லுசாட்டோ 1740-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட ‘மெசிலாத் யெஷாரிம்’ கவனம், சுறுசுறுப்பு, தூய்மை என்று படிப்படியாக ஏற்றுகிறது. வில்னாவில் இஸ்ரேல் சலாந்தர் (1810–1883) தொடங்கிய மூசார் இயக்கம் அன்றாடத் தன்னாய்வைப் பாடமாக்கியது. கண்ணைத் திருப்ப ஒரு பொருள் தருவதில் அரங்கமும் யூதமும் ஒன்றுபடுகின்றன. ஆனால் அங்கே கற்றலும் கட்டளையும் முன்நிற்கின்றன. இங்கே அழகு முன்நிற்கிறது.

திருச்சியின் சைவத்திலும் இதற்கு ஒரு கிளை உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் நாயக்கர் அரசில் பணியாற்றிய தாயுமானவர், அரசன் மறைந்தபின் அரசி மீனாட்சியின் விருப்பத்துக்கு இணங்காமல் ஊரைவிட்டு வெளியேறினார் என்பது வழக்கு. மனத்தை அடக்குவதன் அருமையை அவர் போல் பாடியவர் சிலரே. அவர் சமாதி இராமநாதபுரம் இலட்சுமிபுரத்தில் உள்ளது.

திருப்பாணாழ்வாரின் திருநட்சத்திரம் கார்த்திகை ரோகிணி. உறையூர் நாச்சியார் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்குள்ள அவர் சன்னதியையும் சேவித்து வாருங்கள். பத்துப் பாசுரங்களையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.